உயிரணு பிடிக்கும் குடை

தாம்பரம் ரயில் நிலையத்துக்கு வெளியே பூ கட்டும் அக்காவின் கைகளைப் பார்த்தபடி ஒருநாள் அப்படியே நின்றுவிட்டேன். நனைத்த வாழைநாரில் இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு வைத்து ஒரு சுருக்கு. கண் இமைக்கிற நேரத்தில் அடுத்த சுருக்கு. கை ஒருமுறை திரும்பினால் புறங்கை தெரிகிறது. வறுத்த காப்பிக்கொட்டையின் நிறம். மறுபடி திரும்பினால் உள்ளங்கை. வெளிர் செம்மை. கண்ணாடி வளையல்கள் மேலேறும்போது அவை மறைத்திருந்த இடத்தில் விரலகலத்துக்கு மாநிறத்தில் ஒரு பட்டை. ரவிக்கை முடிகிற இடத்தில், கையின் உட்புறத்தில், அதைவிடவும் வெளிர்ந்த இன்னொரு நிறம். ஒரே கை. ஆனால் நான்கு நிறம்.

அன்று மாலை வீட்டில் என் மகள் எலுமிச்சம்பழத்தைப் பாதியாக நறுக்கி, சர்க்கரையில் தோய்த்துப் புறங்கையில் தேய்க்கப்போனாள். சேலையூரிலிருந்து மேடவாக்கம் தாண்டி தினமும் ஸ்கூட்டியில் வேலைக்குப் போய்வருகிறவள். "பாரும்மா, வாட்ச் கழட்டினா கை ரெண்டு பேரோடது மாதிரி இருக்கு" என்றாள். எலுமிச்சையை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தேன். ஏன் வாங்கி வைத்தேன் என்று அவளுக்குச் சொன்னதன் விரிவுதான் இந்தக் கட்டுரை.

முதலில், முகத்தைவிடக் கை ஏன் அதிகம் கறுக்கிறது? முகத்துக்கு ஹெல்மெட், கண்ணாடி, துப்பட்டா என்று காவல் இருக்கிறது, கைக்கு இல்லை என்பது பாதி பதில். மீதிப் பதில் தாம்பரம் பூமியில் எங்கே இருக்கிறது என்பதில் இருக்கிறது. நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே ஏறக்குறைய 13 பாகை. இந்த அட்சரேகையில் ஆண்டுக்கு இரண்டு நாள் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். சென்னைக்கு அது ஏப்ரல் 24ஐயும் ஆகஸ்ட் 18ஐயும் ஒட்டி வருகிறது. நிழலில்லா நாள் என்பார்கள். அன்று நண்பகல் 12 மணி தாண்டிச் சில நிமிடங்களில் நட்டுவைத்த கம்பத்தின் நிழல் அதன் அடிக்குள்ளேயே போய் ஒடுங்கிவிடும். அந்த நாட்களை ஒட்டிய வாரங்களிலும் உச்சி வெயில் கிட்டத்தட்ட நேராகத்தான் இறங்கும்.

வெயில் நேராக இறங்கும்போது சுவரில் சாய்வாகப் படும், மொட்டைமாடியில் முழுதாகப் படும். நிமிர்ந்திருக்கும் முகம் சுவர். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் புறங்கை மொட்டைமாடி. வேளச்சேரி சாலையிலோ ஜிஎஸ்டி சாலையிலோ பகல் ஒரு மணிக்குப் போகிற ஒருவரின் உடலில் சூரியனுக்கு மிக நேராக விரிந்திருக்கும் தோல் பெரும்பாலும் அவருடைய புறங்கைதான்.

கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலில் தினம் போய்வருகிறவர்களுக்கு ஒரு கணக்கு அத்துப்படி. காலையில் கடற்கரை நோக்கிப் போகும்போதும் வலப்பக்கம் வெயில், மாலையில் திரும்பும்போதும் வலப்பக்கமே வெயில். அதனால் இடப்பக்க ஜன்னலுக்குப் போட்டி. கண் கூசாமல் இருக்க அது நல்ல வழி. ஆனால் கையைக் கறுக்கவைப்பதில் பெரும்பங்கு அந்தச் சாய்ந்த வெயிலுக்கு இல்லை. சூரியன் தாழ இருக்கும்போது அதன் ஒளி வளிமண்டலத்தை நீளவாக்கில் கடந்து வருகிறது. வழியிலேயே புற ஊதாக் கதிரில் பெரும்பகுதி, குறிப்பாகத் தோலைச் சிவக்கவைக்கும் 'பி' வகை, வடிகட்டப்பட்டுவிடுகிறது. இதை அளக்கக் கருவி வேண்டாம், நம் நிழலே போதும். நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் புற ஊதாக் கதிர் வலுவாக இருக்கிறது. தாம்பரத்தில் ஏப்ரல் மாதம் இது காலை 9 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை. பனி பெய்யும் மார்கழியில்கூட ஏறக்குறைய பத்தரை மணி முதல் இரண்டு மணி வரை நம் நிழல் நம்மைவிடக் குட்டைதான்.

இங்கேதான் நம் உடம்பு நம்மை ஏமாற்றுகிறது. கத்திரி வெயில் சுடுகிறது, ஒதுங்குகிறோம். சுடுவது அகச்சிவப்புக் கதிரும் காற்றின் வெப்பமும். புற ஊதாக் கதிரோ எந்த உணர்வையும் தருவதில்லை. ஜனவரியில் பொங்கல் விடுமுறைக்குக் கோவளம் கடற்கரையில் குளிர்ந்த காற்றில் மதியம் முழுக்க நிற்கிறோம், சுகமாக இருக்கிறது. இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் கை கறுத்திருப்பது தெரிகிறது. மெல்லிய மேகமும் இந்தக் கதிரைப் பெரிதாகத் தடுப்பதில்லை.

அந்த இரண்டு மூன்று நாள் தாமதத்துக்குள் தோலில் நடப்பது எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுக்காத கதை.

மேல்தோலின் அடி வரிசையில், ஏறக்குறைய பத்து உயிரணுக்களுக்கு ஒன்று என்ற கணக்கில், மெலனோசைட் என்னும் நிறமி உயிரணுக்கள் உட்கார்ந்திருக்கின்றன. கருவில் முதுகுத்தண்டு உருவாகும் இடத்துக்கு அருகே பிறந்து, அங்கிருந்து ஊர்ந்து தோலுக்குக் குடிவந்தவை. மரம்போலக் கிளை விரித்து, ஒவ்வொன்றும் சுற்றியுள்ள சுமார் 36 தோல் உயிரணுக்களுக்கு மெலனின் என்னும் நிறமியின் பொட்டலங்களைக் கைமாற்றுகிறது. பொட்டலத்தைப் பெற்ற உயிரணு அதைத் தன் உட்கருவின் மேல், சூரியன் இருக்கும் பக்கமாகக் குவித்து வைத்துக்கொள்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் உட்கருவின் தலைக்கு மேல் விரித்த குடை. நம் டிஎன்ஏ அந்தக் குடைக்கடியில் இருக்கிறது. நார்வேக்காரருக்கும் நமக்கும் நிறமி உயிரணுக்களின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. நம்முடையவை பெரிய பொட்டலங்களை நிறையச் செய்கின்றன, அவை சீக்கிரம் சிதையாமல் தோலின் மேலடுக்கு வரை நிற்கின்றன. வேறுபாடு அவ்வளவுதான்.

குடையை விரிக்கச் சொல்வது யார்? புற ஊதா 'பி' கதிர் டிஎன்ஏ இழையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு தைமின் எழுத்துகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகிறது. தறியில் இரண்டு நூல் சிக்கிக்கொண்டதுபோல. பழுதுபார்க்கும் நொதிகள் வந்து அந்தத் துணுக்கை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக நெய்கின்றன. பாஸ்டனில் பார்பரா கில்க்ரெஸ்டின் குழு 1994இல் ஒரு சோதனை செய்தது. இரண்டு தைமின்கள் கொண்ட சின்னஞ்சிறு டிஎன்ஏ துணுக்குகளைக் கினிப் பன்றியின் தோலில் தடவினார்கள். வெளிச்சமே படாமல் தோல் கறுத்தது. வெட்டி எறிந்த துணுக்கையே உடல் அபாய மணியாகக் கேட்கிறது என்பதற்கு அது வலுவான தடயம். பிறகு வந்த ஆய்வுகள் பி53 என்னும் காவல் புரதம் இந்தச் சேதியை நிறமி உயிரணு வரை கொண்டுபோகும் பாதையைக் காட்டின. மணி அடித்து, மெலனின் செய்யும் நொதி பெருகி, நிறமி தயாராகிப் பொட்டலமாகிக் கைமாற இரண்டு மூன்று நாள் ஆகிறது.

வெயிலில் நிற்கும்போதே கை கறுப்பதுபோலத் தெரிவது வேறு கணக்கு. புற ஊதா 'ஏ' கதிர் ஏற்கெனவே இருக்கும் மெலனினை ஆக்சிஜனேற்றிக் கருமையாக்குகிறது. குடை புதிதாக ஒன்றும் கூடவில்லை. இந்த 'ஏ' கதிர் கண்ணாடியை ஊடுருவும், 'பி' கதிர் ஊடுருவாது. வைட்டமின் டி தயாரிக்க உதவுவது 'பி'. ஆகவே அலுவலகத்துக் கண்ணாடிச் சுவர் ஓரத்திலும், காரின் பக்கவாட்டுக் கண்ணாடி ஓரத்திலும் உட்கார்ந்தால் கருமை வரும், வைட்டமின் வராது. நம்மைப் போன்ற கருநிறத் தோலில் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் நீலப் பகுதியும் கருமையைத் தூண்டும் என்பது அண்மையில் தெளிவானது.

ஆக, வெயில் கருமை அழுக்கு அல்ல. தேய்த்தால் போகிற படிவும் அல்ல. காயம்பட்ட தோல் இனி காயம்படாமல் இருக்கப் பிடித்த குடை அது. அந்தக் குடையைப் பிடுங்குவதா, குடை தேவைப்படாமல் செய்வதா? பாதுகாப்பான வழிக்கும் ஆபத்தான வழிக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

பூக்கார அக்காவின் உள்ளங்கைக்கு வருவோம். அதுவும் பல வருடம் வெயிலில்தான் இருக்கிறது. அங்கே மேல்தோல் மிகத் தடிமன், நிறமி உயிரணுக்கள் குறைவு. அதோடு, உள்ளங்கையின் அடித்தோலில் இருக்கும் உயிரணுக்கள் டிகேகே1 என்னும் புரதத்தைச் சுரந்து நிறமி வேலையை அடக்கியே வைக்கின்றன. கையின் விளிம்பில், சுண்டுவிரல் ஓரத்தில், இரண்டு ஆட்சிகளுக்கும் இடையில் கோடு கிழித்ததுபோல எல்லை தெரியும். உங்கள் கையிலேயே பாருங்கள்.

கையின் கருமையெல்லாம் வெயிலால் வந்ததும் அல்ல. 1963இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் எஸ். ஜே. பேக்கரும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார்கள். வைட்டமின் பி12 குறைந்தவர்களுக்குப் புறங்கையும் விரல் முட்டிகளும் கறுக்கின்றன, அந்த வைட்டமினைக் கொடுத்தால் கருமை குறைகிறது என்று அதில் பதிவு செய்தார்கள். பால், முட்டை, மாமிசம் அதிகம் சேர்க்காதவர்களுக்கு இது இன்றும் பொருந்தும். வெயில் படாத முட்டி மடிப்புகளும் கறுத்து, கூடவே அசதியும் நாக்கு எரிச்சலும் இருந்தால் க்ரீம் தேடுவதற்கு முன் ரத்தப் பரிசோதனை. சில மாத்திரைகளும் தோலை வெயிலுக்கு எளிதில் பணியவைக்கும். டாக்சிசைக்ளின், ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதையசைட் ஆகியவை அந்த வகை. மாத்திரையை நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இப்போது எலுமிச்சை. எலுமிச்சை இனப் பழங்களின் சாற்றிலும் தோலிலும் ஃபியூரோகூமரின் என்னும் வேதிப்பொருள்கள் இருக்கின்றன. தோலில் தடவி வெயிலில் போனால், புற ஊதா 'ஏ' கதிரை உறிஞ்சி நேராக டிஎன்ஏவோடு பிணைந்துகொள்ளும். ஓரிரு நாளில் எரிச்சல், சிலருக்குக் கொப்புளம், பிறகு சாறு வழிந்த கோட்டிலேயே மாதக்கணக்கில் மறையாத கருந்தழும்பு. கருமையைப் போக்கப் பூசியதே கருமையை எழுதிவிட்டுப் போகும். சர்க்கரைத் துகள் தேய்த்த நுண்கீறல் வேறு.

ஃபியூரோகூமரின் குடும்பத்தின் பெயர்பெற்ற உறுப்பினர் சோரலென். கார்போக அரிசியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இந்தியாவில் ஜோயிஸும் அவருடைய சகாக்களும் 1933இல் அதைப் பற்றி எழுதினார்கள். நம் நலங்குமாவுப் பட்டியலில் பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சளோடு நாட்டுமருந்துக் கடைக்காரர் மடித்துத் தருகிற அதே கார்போக அரிசிதான். தாம்பரம் சானடோரியத்தில் 2005இல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறதே, அந்த சித்த மருத்துவ மரபில் இது வெண்படைக்கான மருந்துப் பொருள். நிறம் இழந்த தோலில் நிறத்தைக் கொண்டுவரும் விதை. எகிப்தில் அப்தெல் மோனெம் எல் மோஃப்டி 1940களில் வேறொரு செடியின் சோரலெனை வெண்புள்ளி நோயாளிகளுக்குக் கொடுத்து வெயில் காட்டினார். 1970களில் அது சோரலெனும் புற ஊதா 'ஏ' விளக்கும் சேர்ந்த நவீன சிகிச்சையானது. நிறத்தைக் கூட்டுவதற்கென்றே மருத்துவர் அளந்து தரும் பொருள், நிறத்தைக் குறைக்க நாம் பூசும் பொடியில் இருக்கிறது. நலங்குமாவு தேய்த்துக் குளிப்பதை நான் விடச் சொல்லவில்லை. குளித்து நன்றாகக் கழுவிவிட்டு வெயிலில் போங்கள், கார்போக அரிசி இல்லாமல் அரைத்தால் இன்னும் நல்லது.

எலுமிச்சையைவிட எனக்குப் பயம் தருவது மருந்துக்கடையில் கேட்டவுடன் கிடைக்கிற குட்டி ட்யூப். ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின் மூன்றும் கலந்த க்ரீம். இரண்டு வாரத்தில் தோல் வெளுக்கும், அதுதான் தூண்டில். தொடர்ந்து பூசினால் தோல் காகிதம்போல மெலிந்து, ரத்தக்குழாய் வெளியே தெரிந்து, நிறுத்தியதும் முன்பைவிடக் கறுக்கும். 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. பெயர் தெரியாத சிவப்பழகு க்ரீம்களின் கதை இன்னும் மோசம். மெலனின் செய்யும் நொதியைப் பாதரசம் முடக்கும் என்பதால் சிலவற்றில் அது சேர்க்கப்படுகிறது. 2023இல் கேரளத்தின் மலப்புறத்தில் சிறுநீரக நோயோடு வந்த சிலரை விசாரித்தபோது தடம் அவர்கள் பூசிய இத்தகைய க்ரீம்களில் போய் நின்றது. கை வெளுக்கப் பூசியது சிறுநீரகத்தில் இறங்கியிருக்கிறது.

அப்படியானால் எதுதான் குறைக்கும்? காலம். மேல்தோல் அடியிலிருந்து வளர்ந்து மேலே வந்து உதிர ஏறக்குறைய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும், வயது கூடக் கூட இன்னும் மெல்ல. புதிதாக வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் குடை பிடித்த உயிரணுக்கள் தாமே உதிரும். ஒரு விடுமுறையில் வந்த கருமை ஓரிரு மாதத்தில் மங்கும், பல வருடக் கருமைக்குப் பல மாதம் வேண்டும். மேற்கையின் உட்புறத்தைப் பாருங்கள், அதுதான் உங்கள் பிறவி நிறம். புறங்கை அதுவரை திரும்பலாம், அதற்கு மேல் திரும்ப வேண்டிய அவசியமே இல்லை. கறுப்பு அழகு என்று 2009இல் சென்னையிலிருந்து கவிதா இம்மானுவேல் தொடங்கிய இயக்கம் சொன்னதை என் மகளுக்கு நான் அடிக்கடி சொல்கிறேன். எனக்குக் கவலை அவள் நிறத்தைப் பற்றி அல்ல, அந்த நிறத்துக்கு அடியில் மீண்டும் மீண்டும் வெட்டி ஒட்டப்படும் டிஎன்ஏ நூலைப் பற்றி.

உதிர்தலுக்கு ஈரப்பதம் துணை செய்யும். குளித்த கையோடு தேங்காய் எண்ணெயோ சாதாரண மாய்ஸ்சரைசரோ போதும். நியாசினமைடு கலந்த பூச்சு, பொட்டலம் கைமாறுவதை மட்டுப்படுத்தும். அசலாயிக் அமிலம் மெலனின் செய்யும் நொதியை மெல்ல அடக்கும். இரண்டும் மென்மையானவை, பொறுமை கேட்பவை. தயிரில் இருக்கும் லாக்டிக் அமிலம் மேலே உதிரத் தயாராக இருக்கும் செதிலைக் கொஞ்சம் இளக்கும். வாரம் இரண்டு முறை கடலைமாவோடு தடவிக் கழுவினால் கை மழமழப்பாகும், நிறத்தில் பெரிய மாற்றம் எதிர்பார்க்க வேண்டாம்.

புதிய வெயிலைத் தடுப்பதில் முதல் இடம் துணிக்கு. முழங்கைக்கு மேல் வரை ஏறும் உறை இப்போது தாம்பரம் சண்முகம் சாலைக் கடைகளிலேயே தொங்குகிறது. வாங்கும்போது விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நெசவின் இடைவெளியில் வெளிச்சம் தெரிந்தால் அதன் வழியே கதிரும் வரும். நெருக்கமான நெசவும் அடர்ந்த நிறமும் நல்லவை. வியர்வையில் நனைந்த மெல்லிய பருத்தி காப்பைப் பாதியில் கைவிடும். பெரும்பாலான உறைகள் மணிக்கட்டோடு நின்றுவிடுகின்றன. மொட்டைமாடியை மட்டும் திறந்துவிட்டு வீட்டை மூடுவதற்குச் சமம் அது. புறங்கையையும் மூடி, கட்டைவிரலுக்கு மட்டும் துளை விட்டது வேண்டும்.

விரல்களுக்கு சன்ஸ்க்ரீன். எஸ்பிஎஃப் 30 என்றால் 'பி' கதிரில் 97 விழுக்காட்டைத் தடுக்கும், 50 என்றால் 98. இரண்டுக்கும் இடையே விலையில் இருக்கும் தூரம் வேலையில் இல்லை. எண்ணைவிட அளவு முக்கியம். ஆய்வகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் அந்த எண்ணைப் பெறுகிறார்கள், நாம் பூசுவது அதில் கால்பங்கோ அரைப்பங்கோ. முழங்கையிலிருந்து விரல்நுனி வரை ஒரு கைக்கு ஒன்றரை கிராம், அதாவது கால் டீஸ்பூனுக்குச் சற்றே கூட வேண்டும். 'ஏ' கதிருக்குமான காப்பு அட்டையில் குறித்திருக்க வேண்டும். இரும்பு ஆக்சைடு கலந்த, லேசாக நிறமுள்ள சன்ஸ்க்ரீன் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுப்பதால் நமக்குப் பொருத்தம். முகத்தில் பூசியது கொஞ்ச நேரமாவது நிற்கும். கையில் பூசியது முதல் முறை கை கழுவியதும் போய்விடும். சாப்பிட்டுக் கை கழுவியபின் கிளம்புகிறவர்கள் கிளம்புமுன் மறுபடி பூச வேண்டும்.

இவ்வளவும் சொன்னபின் வெயிலுக்கு நன்றியும் சொல்லத்தான் வேண்டும். இந்த ஊரில் ஒரு காலத்தில் வெளிச்சத்தையும் காற்றையும் தேடித்தான் நோயாளிகள் வந்தார்கள். 1928இல் டாக்டர் சௌரி முத்து 12 படுக்கைகளோடு இங்கே காசநோய் சானடோரியத்தைத் தொடங்கியபோது அந்தக் கிருமியைக் கொல்லும் மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. திறந்த வெளியும் நல்ல உணவும் ஓய்வும்தான் சிகிச்சை. தோலில் வரும் காசநோயை ஒளியால் ஆற்றிக்காட்டியதற்காக டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சன் 1903இலேயே நோபல் பரிசு வாங்கியிருந்தார். தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையில் அந்தச் சொல் இன்றும் நிற்கிறது. வைட்டமின் டிக்காக மணிக்கணக்கில் வாட வேண்டியதில்லை. கை கால் திறந்திருக்கச் சில நிமிடம் துணி உலர்த்துவதற்குள் உடல் தன் பங்கை எடுத்துக்கொள்ளத் தொடங்கிவிடும். குறைவு இருப்பதாக ரத்தப் பரிசோதனை சொன்னால் மாத்திரை இருக்கிறது.

பூக்கார அக்காவிடம் கையுறை பற்றிக் கேட்டேன். "நார் புடிபடாது கண்ணு" என்றார். சன்ஸ்க்ரீன் பூசினால் மல்லியில் வாசம் ஏறிவிடும் என்றார். இரண்டுமே சரி. ஆனால் அவர் வேறொன்று செய்கிறார். காலையில் சாலையோரம் போட்டிருக்கும் முக்காலியை, பத்து மணி ஆனதும் கூடையோடு தூக்கி, மேம்பாலத்தின் அடி ஆழத்துக்கு நகர்ந்துவிடுகிறார். புற ஊதாக் கதிரில் கணிசமான பங்கு சூரியனிலிருந்து நேராக வராமல் வானம் முழுவதும் சிதறி வருகிறது. அதனால் ஒற்றை மரத்தின் நிழலில் நின்றாலும் சுற்றி வானம் தெரிந்தால் கை கறுக்கும். அவர் உட்காரும் இடத்தில் அண்ணாந்து பார்த்தேன். கான்கிரீட் மட்டும் தெரிந்தது. வானம் தெரியவில்லை. மூன்று மணிக்கு மேல் முக்காலி மறுபடி சாலையோரத்துக்கு வரும். அப்போது அவருடைய நிழல் அவரைவிட நீளமாக நடைபாதையில் விழுந்திருக்கும்.